பட்டன் இல்லாத சட்டைகள்

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் தையல்காரி மெஷினை நிறுத்தினாள். எட்டிப் பார்த்தாள். தோளில் ஏணி, கழுத்தில் இன்டர்நெட் கம்பெனி அட்டை. சந்தேகமே இல்லை, மாட்டிக்கொண்டாயிற்று.

அவள் வீட்டுக்கு வாங்கிய ஒரே இணைப்பில்தான் அந்தக் கட்டடத்தின் எட்டு வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். வீட்டுக்கு வீடு தனி இணைப்பு என்றால் யாருக்கும் கட்டுப்படியாகாது. துணி காயப்போடும் கொடிகளோடு கொடியாக வயர்களும் வீடு வீடாகப் போயின. கம்பெனி விதிப்படி இது திருட்டு. மகளுக்கோ நாலு மணிக்கு நர்சிங் நுழைவுத் தேர்வு, ஆன்லைனில். இப்போது மூன்றரை.

மெஷின் மேல் கிடந்த சட்டைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடி, வயர் தெரியாதபடி கொடியில் போட்டாள்.

ஆள் வந்து நின்றான். சட்டைகளை ஒருமுறை நோட்டம் விட்டான்.

"ஏம்மா, பட்டன் வைக்கிறதுக்கு முன்னாடியே துவைச்சிடுவீங்களா?"

"புதுத் துணி சார். சுருங்கும்ல, அதான்..."

"இந்தச் சட்டைக்குக் கையே இல்லையே. அவ்வளவு சுருங்கிடுச்சா?"

அவள் அசடு வழிந்தாள். அவன் துணிகளை ஒதுக்கிவிட்டு ஒரு சின்ன நோட்டை எடுத்தான்.

"எத்தனை வீடு?"

"எட்டு." பொய் சொல்லத் திறந்த வாய் உண்மையைக் கக்கிவிட்டது.

"எல்லாரும் சேர்ந்து எப்போ உட்காருவாங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"அப்போ வீடியோ நின்னு நின்னு வருமா?"

"கொஞ்சம் சார். மழை வந்தா ரொம்ப."

ஒன்று விடாமல் எழுதிக்கொண்டான். மனுஷன் எவ்வளவு பக்காவாகக் கேஸ் ஜோடிக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஏணியில் ஏறி கட்டிங் பிளேயரை எடுத்ததும் கோபமெல்லாம் அழுகையாகிவிட்டது.

"சார், உங்க கால்ல விழறேன். என் பொண்ணு பரீட்சை எழுதி முடிக்கட்டும். அப்புறம் என்னை ஜெயில்ல வேணாலும் போடுங்க."

கடக்.

உள்ளேயிருந்து மகள் அலறினாள். "அம்மா! நெட் போச்சு!"

தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வயர் ஜாயின்ட்டைப் போய் யாராவது தையல் நூலால கட்டுவாங்களா?" மேலேயிருந்து அவன் சலித்துக்கொண்டது கேட்டது.

இரண்டு நிமிடம் போயிருக்கும். மறுபடியும் மகளின் குரல்.

"அம்மா, வந்துடுச்சு! முன்னைவிட வேகமா வருது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியவன், அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, பின் தெருவுலதான் நம்ம வீடு. பையன் பத்தாவது படிக்கிறான். ஒன்பதாவதா ஒரு வயர் எங்க வீட்டுக்கும் இழுத்துக்கட்டுமா?"

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

"ஏன் தம்பி, உங்க கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கு ஓசியில குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்கக்கா, மேனேஜர் வீட்டுக்கு. போன வாரம் நான்தான் போய் மாட்டிட்டு வந்தேன்."