வயிறு இரைகிற பெட்டி

கிட்ட வந்து உட்காருங்க, கத்திச் சொன்னா இந்தக் கதை கெட்டுப்போகும்.

காட்டுக்குள்ளே ஒரு யானை சேற்றில் சிக்கிக்கொண்டது. உச்சி வெயிலுக்குள் மீட்காவிட்டால் பிழைக்காது. அதன் கழுத்துப்பட்டை ரேடியோ "டிக், டிக்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அது எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்ல, வனக்காவலர் சடையன் இரண்டு ரிசீவர் பெட்டிகளைக் குன்றின்மேல் வைத்தார்.

பெரிய பெட்டி "கர்ர்ர்" என்று இரைந்தது. "பார்த்தியா தம்பி, என் சத்தம் ஏழு மலைக்குக் கேட்கும்!"

"சரிண்ணே, யானை கூப்பிடுறது உங்களுக்குக் கேட்குதா?" என்றது சின்னப் பெட்டி.

"பொறு, சத்தத்தை இன்னும் ஏத்துறேன்." ஏற்றியது. அதன் வயிற்றுக்குள் இருந்த இரைச்சலும் கூடவே ஏறியது. "இந்தக் காட்டுல யானையே இல்ல!" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது.

"உங்க வயிறு இரையறதைத்தானே இவ்வளவு நேரம் ரசிச்சுக் கேட்டீங்க?"

சடையன் பெரியதன் சுவிட்சைத் தட்டி நிறுத்தினார். சின்னதின் உள்ளே எறும்பு நடந்தாலும் கேட்கும், அத்தனை அமைதி. அவர் ஏரியலை மெல்லச் சுற்றினார். தூரத்து மூங்கில் பள்ளத்தின் பக்கம் திரும்பியதும், சின்னப் பெட்டி ஒரே ஒரு தரம் "டிக்" என்றது.