சூடேறாத எஞ்சின்

"சூடாகிப் போச்சுன்னுதான் வண்டியைக் கொண்டு வருவாங்க சாரே. சூடே ஆகலைன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

மெக்கானிக் ராசப்பன் சிரித்துக்கொண்டே அம்பாஸடரின் பானெட்டைத் திறந்தான்.

ராமபத்ரன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மூணாறு ஆபீசில் சேர வேண்டும். போன வாரம் வீடு பார்க்கப் போனபோது மலையில் வண்டி உயிரை எடுத்துவிட்டது. சூடு காட்டும் முள் அசையவேயில்லை. சோக்கை இழுத்துப் பிடித்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும்.

ஸ்வர்ணலதா குழந்தையோடு மட்டாஞ்சேரி வீட்டு வாசலில் நின்றாள். போன மாதம்தான் நிமோனியாவிலிருந்து பிழைத்த குழந்தை. இன்னும் மூச்சு விட்டால் கர்கர் என்கிறது.

"ஏன்னா, குளிர் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே. பனி கழிஞ்சு நாங்க வரோமே..."

"மூணாறுல குழந்தைகளே பொறக்கறதில்லையா? நாளைக்கு எல்லாருமாப் போறோம்."

"கான்வென்ட்ல இங்கிலீஷோட பயப்படவும் சொல்லிக் கொடுத்திருக்கா." கணவனின் அக்கா அம்மிணி, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி வந்தாள். "கிளம்பறவனைப் போகாதேன்னு சொல்லப்படாது. அது தெரியாதோ?"

ஸ்வர்ணலதா குழந்தையை இழுத்துப் போர்த்தினாள்.

ராசப்பன் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் ஹோஸைப் பிடித்துப் பார்த்தான்.

"எஞ்சின் சூடாகற வரைக்கும் இது ஜில்லுன்னு இருக்கணும் சாரே. இப்பவே வெதுவெதுங்குது. தண்ணியைத் தடுக்கற ஆள் இல்லை."

போல்ட்டைக் கழற்றினான். உள்ளே காலி.

"கண்டோ, பார்த்தீங்களா! தண்ணியைத் தடுக்கற தெர்மோஸ்டாட்டே இல்லை. கொச்சி வெயிலுக்கு யாரோ கழட்டிட்டாங்க. இங்கே ஓடும். மலைக் குளிர்ல எஞ்சின் சூடு பிடிக்காது."

"புதுசு மாட்டு."

"எறணாகுளத்துல தேடிட்டு சாயந்திரம் வரேன்."

அவன் போன சற்றைக்கெல்லாம் அம்மிணியும் குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாள்.

ஸ்வர்ணலதா குழந்தையின் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். குருவாயூரப்பனிடமும் கான்வென்ட் மாதாவிடமும் ஒரே வேண்டுதல்தான். அந்தச் சாமான் கிடைக்கக் கூடாது.

சாயந்திரம் ராசப்பன் வெறுங்கையோடு வந்தான்.

"கிடைக்கலை சாரே. மெட்ராஸிலிருந்து வரணும். ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா? ரேடியேட்டருக்கு முன்னாடி அட்டையைச் சொருகிண்டு போயிடறேன்!"

"ஏத்தத்துல கொதிச்சிடும். நடுக்காட்டுல கைக்குழந்தையோட நிப்பீங்களா?"

அம்மிணி பாய்ந்தாள். "ஒரு சின்ன சாமான் வாங்கத் துப்பில்லை, மெக்கானிக்காம்! பள்ளுருத்தியில மாட்டு வண்டி ஓட்டப் போடா!"

தெருவே எட்டிப் பார்த்தது. ராசப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

கடைசியில் ராமபத்ரன் பெருமூச்சு விட்டான். "சாமானும் குழந்தையுமா பஸ்ல ஏற முடியாது. நான் முன்னாடி போறேன். வண்டி சரியானதும் நீ வா."

மறுநாள் அவன் பஸ் ஏறிப்போன பிறகு, வாசலில் ராசப்பன். கையில் ஒரு பொட்டலம்.

"அம்மிணியம்மாகிட்ட கொடுத்துடுங்க. பத்திரமா வெக்கச் சொல்லுங்க."

ஸ்வர்ணலதா பிரித்தாள். பளபளவென்று புதுத் தெர்மோஸ்டாட்!

"கிடைக்கலைன்னு சொன்னியே! அவர்கிட்ட பொய் சொன்னியா? இதை அக்காகிட்டயே கொடுக்கச் சொல்றியே, உன்னை..."

"வாசல்ல என்னடி அரட்டை?" உள்ளிருந்து அம்மிணியின் குரல் வெடித்தது.

ராசப்பன் குரலைத் தாழ்த்தினான்.

"அவங்க நேத்து கோயிலுக்குப் போகலைம்மா, என் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் ஓடி வந்தாங்க. 'நான் வேண்டாம்னா தம்பி வீம்புக்குன்னே கூட்டிண்டு போவான். குழந்தைக்கு நெஞ்சு தெளியற வரைக்கும் கிடைக்கலைன்னே சொல்லு. அவனுக்குச் சந்தேகம் வராதபடி உன்னைத் திட்டறதை நான் பார்த்துக்கறேன்'னாங்க."