சரசரக்காத கோட்டு

"கண்ணை மூடிக்கறேன். ஒவ்வொண்ணா உரசு மாப்பிள்ளை. காட்டுல அது எப்படிக் கேக்கும்னு நான் சொல்றேன்."

சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேர். ஜன்னலோரம் சுவரில் சாய்ந்தபடி தோய்வோ. அவருக்கு எதிரே தங்கை புருஷன் ஈனோ. அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் அந்தத் தங்கை லெம்பி. தபாலில் வேட்டைக் கோட்டு விற்கும் கடைக்குக் கடிதம் எழுதக் கையில் பேனாவோடு இருந்தாள். மேசை நடுவில் கடை அனுப்பியிருந்த நான்கு துண்டுத் துணிகள், ஒரு கிண்ணம் தண்ணீர், வேலியிலிருந்து ஒடித்து வந்த முள்கொடி. வெளியே, ஆஸ்டோரியா ஊருக்கு ஆற்றின் அக்கரையில் இலையுதிர்காலம் முழுக்கப் பெய்யும் அதே மழை.

ஈனோ நாள் முழுக்க மரமில்லில் நின்றுவிட்டு வந்திருந்தான். முதல் துண்டைத் தண்ணீரில் முக்கி, முள்கொடியில் தேய்த்தான்.

"நைலான்," என்றார் தோய்வோ உடனே. "சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கற மாதிரி இருக்கு. அடுத்தது."

அடுத்தது மெழுகு பூசிய பருத்தி.

"இப்ப சும்மா இருக்கும். குளிர்ல விறைச்சுப் போச்சுன்னா பேச ஆரம்பிச்சிடும், உன் பொண்டாட்டி மாதிரி."

"அண்ணே, காபி வேணுமா வேண்டாமா?" என்றாள் லெம்பி.

"வேணும் தாயி. உன்னை மாதிரி அமைதியான பொண்ணு இந்த ஆத்தோரத்துலயே கிடையாது."

அவள் ஊற்றிய காபியை ஈனோ வாங்கி, அவர் விரலில் படும்படி நகர்த்தி வைத்தான்.

மூன்றாவது, ரப்பர் பூசிய கித்தான். ஈனோ இரண்டு முறை அழுத்தித் தேய்த்தான். முள் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

"இது நல்லா உழைக்கும் மச்சான்."

"உழைக்கும். கிழிஞ்சு தொங்குதே உன் பழைய கோட்டு, அதுவும் இதே சாதிதானே? மூணு வருஷமா நீ கையைத் தூக்கினாலே மலைக்கு அந்தப் பக்கம் நிக்கற மானுக்குக்கூடத் தகவல் போயிடுது. தகரக் கூரை நடந்து வர்ற மாதிரி வர்றே."

ஈனோ கடைசித் துண்டைத் தண்ணீரில் முக்கினான். இந்தக் கேலிக்கு மூன்று வருஷமாகவே அவன் பதில் சொன்னதில்லை.

"சிரிக்கற விஷயமில்ல இது," என்றாள் லெம்பி. "நிலவறையில பதம் பண்ணி வச்ச கறி ஒரு ஜாடிகூடக் கிடையாது. மில்லுல பாதி நாள்தான் வேலை. இந்த வருஷமும் மான் இல்லைன்னா, குளிர்காலம் பூரா பிள்ளைங்களுக்கு வெறும் உருளைக்கிழங்குதான்."

"அதுக்குத்தானே இத்தனை பாடு. அடுத்ததைத் தேய் மாப்பிள்ளை."

தோய்வோ காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"தேய்ன்னு சொன்னேனே."

"தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

தோய்வோ மேசையில் ஓங்கித் தட்டினார். "கம்பளி! இதான், இதேதான்!"

"நனைஞ்சா கன்னுக்குட்டி கனம் கனக்கும் மச்சான்."

"கனக்கட்டும். முதுகு வலிச்சா சவுனாவுல போய் ஆவி புடிச்சுக்கிட்டு உக்காரு. எழுதும்மா, கம்பளி. பெரிய அளவு."

காபியைக் குடித்து முடித்துவிட்டு, தோய்வோ மழையிலேயே தன் வீட்டுக்கு நடந்தார். அவருடைய காலடிச் சத்தம் ஓயும்வரை ஈனோ அசையாமல் இருந்தான்.

"கம்பளிக் கோட்டு ஒன்று," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள் லெம்பி.

"அதை அடிச்சிடு. ரப்பர்னு எழுது."

அவள் பேனாவை வைத்தாள். "என்னங்க, இவ்வளவு நேரம் என்ன நடந்தது இங்க?"

"கடைக்காரன் மாத்தி அனுப்பிட்டான்னு அவர்கிட்ட சொல்லிக்கலாம். திருப்பி அனுப்பி வாங்கறதுக்குள்ள வேட்டை சீசன் முடிஞ்சிடும்."

"பைத்தியமா உங்களுக்கு? அண்ணனும் திட்டறாரு, நானும் திட்டறேன், எதுவும் உறைக்கலையா? பிள்ளைங்க தட்டுல எதை வைக்கிறது?"

ஈனோ ஈரத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து வைத்தான். தாழ்ந்த குரலில் சொன்னான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி, மழைன்னு அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டுப் போன அன்னைக்கு, உங்கண்ணன் என் நெஞ்சுக்கு நேரா துப்பாக்கியைத் தூக்கினாரு. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் உள்ள தூரம்தான். பயத்துல எனக்குக் குரலே வரலை, கையை ஆட்டினேன். அவருக்குத் தெரியலை. கோட்டு சரசரத்துச்சு. 'மாப்பிள்ளையா?'ன்னு இறக்கிட்டாரு. அன்னையிலேருந்து வெயிலடிச்சாலும் அதைத்தான் போடறேன்."

லெம்பி நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். "கண்ணு தெரியலைன்னு அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். மறுநாள் என்னை விட்டுட்டுத் தனியா காட்டுக்குள்ள போயிட்டாரு. காளான் பொறுக்க ஊர்ப் பிள்ளைங்க திரியற காடு அது. நான் கூட இருந்து சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா மான் வராது லெம்பி. மான் வரலைன்னா அவர் சுடமாட்டாரு."

லெம்பி கம்பளியை அடித்து ரப்பர் என்று எழுதி, உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, தானே மழையில் நடந்து போய்த் தபால்பெட்டியில் போட்டாள்.