திறந்த வாய்

வாயில் ஐஸ் தண்ணீர் இருந்தது. அது குளிர்ந்திருக்கும் வரை பல் சும்மா இருந்தது.

சூடு ஏறியதும் வலி காது வரை போனது. அவள் நாற்காலியை ஒட்டியிருந்த தொட்டியில் துப்பினாள். பாட்டிலைச் சாய்த்து அடுத்த மடக்கை வாங்கி வாய்க்குள் நிறுத்திக்கொண்டாள்.

பல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வீக்கமில்லை. சீழும் இல்லை. உள்ளே நரம்புதான் புண்ணாகியிருக்கு.”

சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனா எழுதப்போவது அவளுக்குத் தெரியும். தொற்றுக்கு ஒரு கேப்ஸ்யூல். வலிக்கு ஒரு வெள்ளை மாத்திரை. வயிறு எரியாமலிருக்க இன்னொன்று. போன மாதமும் இதுதான். அதற்கு முந்தின மாதமும் இதுதான்.

வலி கொஞ்ச நாள் ஒதுங்கி நிற்கும். பிறகு விட்ட இடத்திலேயே வந்து உட்காரும். வலி ஒதுங்கிய நாளில் யாரும் அவளை இங்கே கூட்டி வந்ததில்லை.

“அஞ்சு நாள் சாப்பிடட்டும். அடங்கினதும் பல்லைத் திறந்து நரம்பை எடுத்துடலாம்.”

அவர் அதைச் சொன்னது அவளுடன் வந்திருந்த நாத்தனார் இசக்கியிடம். வாயில் தண்ணீர் வைத்திருப்பவளிடம் யார் பேசுவார்கள்?

இசக்கி சீட்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள். டாக்டர் காலால் விசையை அழுத்தினார். நாற்காலியின் முதுகு நிமிர்ந்தது.

அவள் இறங்கவில்லை.

“எந்திரிங்க மதினி. வெளியில எத்தனை பேரு காத்துக் கெடக்காவ.”

அவள் தண்ணீரைத் துப்பினாள். பாட்டிலைத் தரையில் வைத்தாள். நிமிர்ந்த நாற்காலியில் தலையை மட்டும் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தாள்.

காற்று பட்டது.

கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வழிந்தது. வாய் மூடவில்லை.

“வலி இருக்கையில பல்லுல கை வைக்கக் கூடாது மதினி. எல்லாரும் சொல்லுதாவல்லா?” இசக்கி தோளைத் தொட்டு இழுத்துப் பார்த்தாள். “பிள்ள பெத்த அன்னைக்குக்கூட இப்படி அடம் பிடிக்கலியே நீங்க!”

திறந்த வாயிடம் யார் என்ன வாதாடுவது?

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அடுத்தவரைக் கூப்பிடலாமா என்று கேட்க வந்தவள் பின்வாங்கினாள். கதவு மெல்ல மூடியது.

டாக்டர் முதல்முறையாக நாற்காலியில் இருப்பவளின் முகத்தைப் பார்த்தார்.

“கேப்ஸ்யூல் அந்த நரம்பைத் தொடாதும்மா. எனக்கும் தெரியும்.” குரல் தாழ்ந்திருந்தது. “ஆனா இவ்வளவு வலியில மரத்துப்போற ஊசி முழுசாப் பிடிக்காது. பாதியில எழுந்து ஓடுவீங்க. ஓடியிருக்காங்க.”

அவள் வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு கையுறையை மாட்டினார். நாற்காலி மறுபடி சாய்ந்தது. விளக்கு முகத்துக்கு மேல் வந்து நின்றது.

ஊசி இறங்கியது. உதடு தடித்தது. நாக்கு பாதி காணாமல் போனது. பல் மட்டும் அப்படியே விழித்துக்கொண்டிருந்தது.

துளைக்கும் கருவி சன்னமாக இரைந்தபடி நெருங்கியது.

“தாங்க முடியலைன்னா கையைத் தூக்குங்க,” என்றார் டாக்டர். “உடனே நிறுத்திடறேன். மாத்திரையோட வீட்டுக்குப் போயிடலாம்.”

அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.