பன்னிரண்டாம் அப்போஸ்தலன்

பெரிய வியாழன் காலை. திருத்தணி மலையிலிருந்து பங்குனிக் காவடியின் மேளம் மாதாகோயில் ஓட்டுக்கூரை வரை கேட்கிறது. யுத்தத் தட்டுப்பாட்டில் பீடத்தில் இரண்டே மெழுகுவர்த்தி. அதன் முன்னே, இயேசு சீடர்களின் பாதம் கழுவிய நினைவாகப் பாதம் கழுவப்படப் பன்னிரண்டு பேர் அப்போஸ்தலர்களாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சேரியிலிருந்து சூசை ஒருவன்தான். அவன் கால் பட்ட தண்ணீர் மற்றவர் காலில் படக்கூடாதென்று கோயில் உபதேசியார் அவனைக் கடைசியில் உட்கார வைத்திருக்கிறார். அவனுடையவை விடியலிலேயே செங்கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த பாதங்கள். இந்த ஏற்பாடு தெரியாத புது வெள்ளைக்காரச் சாமியார், "உன்னை நேசிப்பதுபோல் பிறரையும் நேசி" என்று பிரசங்கத்தை முடித்த கையோடு, பித்தளைப் பேசினுடன் நேரே சூசையின் முன் மண்டியிடுகிறார். தண்ணீர் சில்லென்றிருக்கிறது. அவர் விரல்கள் அவனுடைய குதிகால் வெடிப்பைக் காயத்தைத் தொடுவதுபோல் தொடுகின்றன. இப்படி யாரும் அவனைத் தொட்டதில்லை. பக்கத்தில் சின்னப்ப ரெட்டியாரின் பாதங்கள் மெல்லப் பெஞ்சுக்கடியில் நகர்கின்றன; அடுத்தடுத்து மற்றவர்களுடையதும். ரெட்டியார் இருமுகிறார். சூசை உழுவது அவர் நிலம்.

"வாணாம் சாமி," என்று காலை இழுத்துக்கொள்கிறான். "அந்தாண்டயிருந்து கழுவிக்கினு வாங்க. எனக்குக் கடைசில போதும்."

சாமியாரின் கண்கள் நிறைகின்றன. "இயேசு பாதம் கழுவ வந்தபோது அப்போஸ்தலர் ராயப்பரும் இப்படித்தான் வேண்டாம் என்றார்! பாருங்கள், என்ன தாழ்ச்சி!" என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு மறுமுனைக்குப் போகிறார். சூசையின் கால் துடைப்பாரில்லாமல் சொட்டுகிறது. உபதேசியார் ஓடிவந்து பேசினை வாங்கி, தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, வேறு மொண்டு வருகிறார். பெஞ்சுக்கடியிலிருந்து பாதங்கள் வெளியே வருகின்றன.