காவலுக்கு மதிப்பெண்

நன்கொடை திரட்டும் இரண்டு அறக்கட்டளைகளின் கணினிகள் ஒரே கூடத்தில் அருகருகே அமர்ந்திருந்தன. கொடையாளர்களின் வங்கி விவரங்கள் அவற்றின் பொறுப்பில் இருந்தன.

“யாருடைய காவல் சிறந்தது? கடவுச்சொல்லைக் கூறுங்கள், மதிப்பெண் இடுகிறேன்” என்றது புதிதாய் வந்த பென்டிரைவ்.

கண் சிகிச்சை அறக்கட்டளையின் கணினிக்கு இரண்டாமிடம் என்றாலே ஆகாது. தன் நீண்ட கடவுச்சொல்லை மூச்சுவிடாமல் ஒப்பித்தது.

“நூற்றுக்கு நூறு!”

பசுக் காப்பகத்தின் கணினியோ, “சொல்ல மாட்டேன்” என்றது.

“அப்படியானால் பூஜ்யம்!”

“தாராளமாகப் போடு, தம்பி. எங்கள் பசுக்கள் மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை.”

முதல் கணினி கெக்கலித்துச் சிரித்தது. அதற்குள் பென்டிரைவ் அதன் துளையை நோக்கி நகர்வதைக் கண்டதும், சிரிப்பு பாதியில் நின்றது. அவசர அவசரமாகக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு கூவியது:

“ஐயா, எனக்கும் பூஜ்யமே போட்டுவிடுங்கள்!”