தணிகையின் சரிபாதி

சமையலறையை மாற்றிக் கட்ட இப்போதெல்லாம் யாரும் அளவு டேப்போடு வருவதில்லை. பழைய அடுப்படியில் ஒரு கேமரா மூன்று மாதம் உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும். பிறகு அதுவே வரைந்து, அதுவே கட்டிக்கொடுத்துவிடும்.

'சமைப்பவர்: கணவனும் மனைவியும், சரிபாதி' என்று தணிகை தன் கையாலேயே படிவத்தில் நிரப்பியிருந்தான். கேமரா வந்த முதல் நாள் ஒரு வெங்காயம்கூட நறுக்கினான்.

மூன்று மாதம் முடிந்து, கட்டுவேலை நடந்த பத்து நாள் புழுதியைத் தின்று, ஓட்டல் இட்லியில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டபின், இருவரும் புதுச் சமையலறைக்குள் நுழைந்தார்கள். மேடை அவன் மனைவி பூங்கோதையின் இடுப்புக்குச் சரியாக இருந்தது. அலமாரிகள் அவள் கைக்கு எட்டின. அடுப்பைப் பற்றவைக்க அவன் முதுகை வளைக்க வேண்டியிருந்தது.

"அப்ப என் பாதி எங்க?" என்று குதித்தான் தணிகை.

"உங்களுதா? அதோ, வாசல்ல இருக்கு பாருங்க."

சமையலறை நிலைக்கதவின் பக்கத்தில், அவன் தோள் உயரத்துக்கு, மெத்தை வைத்த சாய்மானம் ஒன்று இருந்தது. அருகிலேயே டம்ளர் வைக்க ஒரு குழி.

"என்ன திமிர் அதுக்கு! நாளைக்கே பிடுங்கி எறியச் சொல்றேன்" என்று கத்தி ஓய்ந்தவன், அதிலேயே சாய்ந்தான். தோளுக்கென்றே கடைந்ததுபோல் இருந்தது.

அவன் விரல் டம்ளர் குழியைத் தடவியது.

"கோதை, ஒரு காபி போடேன்" என்றான்.